சுவர் டிவிக்குப் பின்னால் பிளக் பாயின்ட் வைப்பது எப்படி: அளவெடுப்பதில் இருந்து கரண்ட் விடுவது வரை

புது டிவி வந்து இறங்கிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சே எழும். டிவியைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. அதன் அடியில் இருந்து ஒரு கறுப்பு ஒயர் வெள்ளைச் சுவரில் தொங்கி, கீழே சுவிட்ச் போர்டில் போய் முடிகிறது. கூடவே செட்டாப் பாக்ஸ் ஒயரும் எச்டிஎம்ஐ ஒயரும். "இதை மறைக்க வழி இல்லையா தம்பி?" என்று வீட்டு அம்மா கேட்பார்கள். "இருக்கு மா, ஆனா டிவியை இறக்கணும்" என்பேன். அவர்கள் முகம் வாடிப்போகும்.

ஒயரிங் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்த ஒரு பாயின்ட்டை எத்தனை வீட்டில் வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. வேலை பெரிதல்ல, ஒரு நாளில் வெட்டிப் பூசிவிடலாம். ஆனால் சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய இரண்டு விஷயங்களில் தவறினால், அப்புறம் எவ்வளவு சுத்தமாகப் பூசினாலும் பயனில்லை. ஒன்று, சாக்கெட் டிவிக்குப் பின்னால் சரியாக எந்த இடத்தில் வரவேண்டும் என்பது. மற்றது, அதற்கான சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது. பிளக் மறைவில் இருக்கலாம். சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டும்.

எந்த வேலை யாருடையது

பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலை தவிர மற்ற ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ள ஒயர்மேனை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அந்தச் சான்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. புதிதாக ஒரு பாயின்ட் இழுப்பது சிறு வேலையில் சேராது. எனவே அளவெடுப்பது, கோடு போடுவது, சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, பூசுவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். ஒயர் இணைப்பையும் சோதனையையும் ஒயர்மேனிடம் விடுங்கள். அந்தப் பகுதியையும் விளக்கமாகவே எழுதியிருக்கிறேன். வருபவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க அது உதவும்.

இடம் பார்ப்பது: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் டிவியைப் படுக்கையில் மெத்தென்ற துணி விரித்துக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகைப் பாருங்கள். இன்றைய எல்இடி டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்பாதி மெல்லிசாகவும், கீழ்ப்பாதி ஒரு பெட்டிபோலப் புடைத்தும் இருக்கும். பிராக்கெட்டின் திருகுகள் பெரும்பாலும் புடைத்த பகுதியில்தான் ஏறும். அந்தப் புடைப்புக்கும் சுவருக்கும் நடுவே, ஆடாத சாதாரண பிராக்கெட்டில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளிதான் கிடைக்கும். நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிளக்குக்கு 4, 5 செ.மீ. தேவை. பல வீடுகளில் பாயின்ட் வைத்த பிறகு டிவி சுவரோடு ஒட்டாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

ஆனால் மெல்லிசான மேல்பகுதிக்குப் பின்னால் இடைவெளி தாராளமாக இருக்கும். சாக்கெட்டை அங்கே கொண்டுபோனால் சாதாரண பிளக்கே பொருந்திவிடும். அதோடு, பிராக்கெட் வரும் நடுப்பகுதியை விட்டு விலகி, டிவியின் பவர் ஒயர் எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 43 அங்குல டிவி ஏறக்குறைய 96 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம் இருக்கும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் 100 முதல் 107 செ.மீ. டிவியின் நடுப்புள்ளியைத் தரையில் இருந்து 110 செ.மீ. உயரத்தில் வைத்தால், அடி 82-லும் உச்சி 138-லும் வரும். அப்போது சாக்கெட் பாக்ஸின் நடுவை 125 செ.மீ. உயரத்தில், டிவியின் நடுக்கோட்டில் இருந்து 30 செ.மீ. பக்கவாட்டில் வைப்பேன். பிராக்கெட் இடிக்காது. டிவியின் ஓரத்துக்கு உள்ளே மறைந்தும் இருக்கும். உங்கள் டிவி 55 அங்குலம் என்றால் அகலம் சுமார் 123, உயரம் 71 செ.மீ.; கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் கணக்குப் போட்டதோடு நிறுத்த வேண்டாம். டிவி வந்த அட்டைப்பெட்டியை டிவியின் அளவுக்கு வெட்டி, பிராக்கெட் ஓட்டைகளையும் பவர் நுழையும் இடத்தையும் அதில் குறித்து, டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாலை முழுக்க அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். உயரம் அதிகம் என்று யாராவது சொன்னால், அட்டையை இறக்குவது சுலபம்.

சுவிட்ச் கீழே

சாக்கெட்டோடு சேர்ந்த சுவிட்சையும் டிவிக்குப் பின்னாலேயே வைத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. டிவி புகைந்தால் யார் கை விட்டு அணைப்பது? கீழே இருக்கும் சுவிட்ச் போர்டில் டம்மி போட்டு மூடிய ஓர் இடம் அநேகமாக இருக்கும். அதைக் கழற்றி 6 ஆம்பியர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக மட்டும் மேலே ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) போகும்படி செய்யுங்கள்.

சாக்கெட்டும் 6 ஆம்பியர் போதும். பெரிய டிவிகூடப் பெரும்பாலும் 200 வாட்டுக்குள்தான் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியரைக்கூடத் தொடாது. "எதுக்கும் பவர் பிளக்கா போட்டுடுங்க அண்ணே" என்பார்கள். வேண்டாம், டிவிக்கு அது தேவையே இல்லை. இரண்டு 6 ஆம்பியர் சாக்கெட்டாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று டிவிக்கு, இன்னொன்று பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போன்ற சின்னச் சாமான்களுக்கு. மாடுலர் கணக்கில் ஒரு சாக்கெட்டுக்கு இரண்டு மாடுல் என்பதால், நான்கு மாடுல் மெட்டல் பாக்ஸ் வாங்குங்கள்.

உங்கள் சுவர் என்ன சுவர்?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் கவலையே இல்லை. நாலரை அங்குலச் சுவரில் கவனம் வேண்டும். செங்குத்தாக வெட்டும் காடி, அதாவது பைப் பதிக்கும் பள்ளம், சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான். நாலரை அங்குலம் என்பது 115 மி.மீ. ஆக, செங்குத்தில் 38 மி.மீ. வரை போகலாம், படுக்கையில் 19-தான், ஒரு பைப்கூடச் சரியாகப் பதியாது. பாக்ஸ் வரும் இடத்துக்கு நேர்ப் பின்னால், அடுத்த அறையில் இன்னொரு பாக்ஸ் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் முதுகோடு முதுகு வந்தால் சுவரில் ஓட்டைதான் மிஞ்சும்.

தூண், பீம், லின்டல் ஆகியவற்றில் உளி படவே கூடாது. சென்னை போன்ற நகரங்களில் புதிதாக எழும் பல அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். தட்டிப் பார்த்தால் எங்கும் ஒரே கெட்டிச் சத்தம் வரும். அந்தச் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது, உள்ளே கம்பி ஓடுகிறது. அதை வெட்டாதீர்கள். அங்கேயும் வாடகை வீட்டிலும் சுவர் மேலேயே ஓடும் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை, அதாவது பிவிசி கேசிங்தான் வழி. சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்கு உறுத்தாது. சாக்கெட்டுக்கும், சுவரை வெட்டாமல் அதன் மேலேயே பொருத்தும் பிளாஸ்டிக் பாக்ஸ் கிடைக்கிறது. அதற்கு இடைவெளி கூடுதலாக வேண்டும் என்பதால், சாய்க்கும் வகைப் பிராக்கெட்டாக வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை

20 மி.மீ. கனமான பிவிசி பைப், அதற்கான பெண்டு, நான்கு மாடுல் மெட்டல் பாக்ஸும் பிளேட்டும், இரண்டு சாக்கெட், ஒரு சுவிட்ச். ஒயர் 1.5 சதுர மி.மீ. செம்பு, சிவப்பு கறுப்பு பச்சை என மூன்று நிறத்திலும். எல்லாவற்றிலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள்: ஒயருக்கு ஐஎஸ் 694, சாக்கெட்டுக்கு ஐஎஸ் 1293, சுவிட்சுக்கு ஐஎஸ் 3854. ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். சுவருக்குள் போய்விட்ட ஒயரை நீங்கள் இனிப் பார்க்கப்போவதில்லை.

டிவியோடு வந்த ஒயரையே சுவருக்குள் வைத்துப் பூசிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது வெளியில் தொங்குவதற்காகச் செய்த ஒயர். சிமெண்டுக்குள் புதைத்தால் சூடு வெளியேறாது, பழுதானால் மாற்றவும் முடியாது.

எச்டிஎம்ஐ ஒயருக்கும் டிஷ் கேபிளுக்கும் தனிப் பைப் வேண்டும். கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. எச்டிஎம்ஐ பின்னின் தலை 2 செ.மீ.-க்கு மேல் அகலம். 20 மி.மீ. பைப்பில் அது நுழையவே நுழையாது. ஒன்பது அங்குலச் சுவரில் 50 மி.மீ. பைப் ஒன்றை டிவியின் முதுகில் இருந்து கீழே டிவி ஸ்டாண்டு வரை நேராகப் பதித்துவிடுங்கள். நாளைக்கு எந்த ஒயர் வந்தாலும் அதில் விடலாம். நாலரை அங்குலச் சுவர் அவ்வளவு ஆழம் தாங்காது. அங்கே டிஷ் கேபிளுக்கும் லேன் ஒயருக்கும் மட்டும் ஒரு மெல்லிய பைப் பதித்து, எச்டிஎம்ஐ-யைக் கேசிங்கில் விட்டுவிடலாம்.

கரண்டை நிறுத்துவது

எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) ஒன்றை இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இன்வர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கிய மறு நொடியே அது விழித்துக்கொண்டு, அதே போர்டில் இருக்கும் ஃபேன் சுவிட்சுக்கு 230 வோல்ட் கொடுக்கும். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரே போர்டுக்குள் இரண்டு வேறு ஃபேஸ்கள் இருப்பதும் உண்டு. ஆகவே முதலில் மெயின், அடுத்து இன்வர்ட்டரின் அவுட்புட், இரண்டையும் நிறுத்துங்கள். யாரும் தெரியாமல் மேலே தூக்கிவிடாதபடி எம்சிபி மேல் டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

டெஸ்டரை மெயினை இறக்குவதற்கு முன்பே கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டைத் திறந்து ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்ட் இல்லாத ஒயரிலும் அது எரியாது. எது காரணம் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

வெட்டு, பைப், பாக்ஸ்

பைப் எப்போதும் நேர் செங்குத்தாகத்தான் போக வேண்டும். சாய்த்து வெட்டினால் பைப் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் சாக்கெட்டைப் பார்க்கும் எவரும் ஒயர் நேர் கீழேயோ நேர் மேலேயோ போகும் என்றுதான் நினைப்பார்கள். போர்டு சற்றுத் தள்ளி இருந்தால், முடிந்தவரை போர்டுக்கு நேர் மேலே சாக்கெட் வருகிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வீட்டில் இடையில் கெட்டிக் கல் வந்ததால் பைப்பை நான்கு விரல் அளவுக்கு ஒதுக்கிப் பதித்தேன். பூசி முடித்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பிராக்கெட் மாட்ட வந்த பையன் நேர்கோட்டை நம்பி, அதில் இருந்து தள்ளித்தான் ட்ரில் போட்டான். பிட் நேராக என் பைப்புக்குள் இறங்கியது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அந்த நொடியே விழுந்ததால் பிழைத்தான். எனக்குத் தகவல் வந்தபோது கை நடுங்கியது. தவறு அவனுடையதல்ல, என்னுடையது. அன்றிலிருந்து பூசுவதற்கு முன் காடியின் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, தரையில் இருந்தும் பக்கத்துச் சுவரில் இருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பாமல் நான் கிளம்புவதில்லை. நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தூக்குக்குண்டு விட்டு இரண்டு கோடுகளை 25 மி.மீ. இடைவெளியில் போடுங்கள். கட்டிங் மெஷினில் 30 முதல் 35 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு கோட்டிலும் அறுத்து, நடுவில் உள்ளதை உளியால் எடுங்கள். பைப்புக்கு மேலே ஒரு செ.மீ. அளவாவது கலவை நிற்க வேண்டும். வெறும் உளியில் வெட்டினால் ஓரம் பெயர்ந்து பூச்சு இரண்டு மடங்காகும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். செங்கல் தூசி வீடு முழுக்கப் பறக்கும் என்பதால் கதவுக்கு ஈரத்துணி தொங்கவிடுங்கள்.

மெட்டல் பாக்ஸின் விளிம்பு பூச்சு மட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு நூல் அளவு (சுமார் 3 மி.மீ.) உள்ளேயோ இருக்கலாம். வெளியே துருத்தினால் பிளேட் உட்காராது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, சிமெண்ட் கலவையால் நான்கு பக்கமும் இறுக்குங்கள். பைப் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் தகட்டின் கூர் விளிம்பு ஒயரைக் கீறாதபடி பைப்பின் முனை கொஞ்சம் உள்ளே வரட்டும். பைப்பின் வாயில் காகிதம் திணித்துவிட்டுப் பூச ஆரம்பியுங்கள்.

காடியைத் தூசி தட்டி நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து அழுத்தி நிரப்புங்கள். அதன் மேல் கோழி வலையை இரண்டு பக்கமும் சற்று ஏறும்படி பதித்தால், ஆறு மாதம் கழித்து காடியின் ஓரமாக மயிரிழை வெடிப்பு ஓடுவது பெருமளவு தவிரும். ஒரு வாரம் காலை மாலை தண்ணீர் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, பிரைமர், பெயின்ட்.

ஒயர் இழுப்பு, இணைப்பு

ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கைப் பைப்புக்குள் மேலிருந்து விட்டு, கீழே அதன் கொக்கியில் மூன்று ஒயரையும் சேர்த்துக் கட்டி இழுங்கள். இரண்டு முனையிலும் ஒரு சாண் நீளம் மிச்சம் வையுங்கள். பைப்புக்குள் எந்த ஒட்டும் இருக்கக் கூடாது, ஒரே துண்டாகப் போக வேண்டும்.

கீழே போர்டில் சிவப்பு புதிய சுவிட்சின் ஒரு முனைக்கு. மறு முனைக்குப் போர்டின் ஃபேஸில் இருந்து ஒரு லூப், அதாவது ஒரு சிறு இணைப்பு ஒயர். கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. ஃபேஸ் எந்த லைனோ, நியூட்ரலும் அதே லைனில் இருந்துதான் வர வேண்டும். இன்வர்ட்டர் லைனின் ஃபேஸையும் வேறு லைனின் நியூட்ரலையும் கலந்துவிட்டால், டிவி ஓடும், ஆனால் ஆர்சிசிபி அடிக்கடி விழும்; காரணம் தேடி அலைய வேண்டி வரும். ஏசி பாயின்ட்டில் இருந்தும் எடுக்காதீர்கள். அங்கே இருக்கும் 20 ஆம்பியர் எம்சிபி 1.5 ஒயரைக் காப்பாற்றாது. இந்த லைனுக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி சரியானது.

மேலே சாக்கெட்டை முன்பக்கம் இருந்து பார்த்தால் உச்சியில் பெரிய ஓட்டை எர்த், வலதுகை ஓட்டை ஃபேஸ், இடதுகை நியூட்ரல். ஆனால் இணைப்பது பின்பக்கம். திருப்பிப் பிடித்ததும் இடமும் வலமும் மாறிவிடும். பழகிய கையே இங்கே தடுமாறும் என்பதால், முனையின் பக்கத்தில் பொறித்திருக்கும் எல், என், ஈ எழுத்தைப் பார்த்து இணைக்க வேண்டும். ஒயரின் தோலை 8, 10 மி.மீ. அளவுக்கு உரித்து, செம்பு இழைகளை முறுக்கி உள்ளே விட்டுத் திருகை இறுக்கி, பிறகு ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது இறுகவில்லை. அடுத்த சாக்கெட்டுக்கு அதே முனைகளில் இருந்து லூப். மெட்டல் பாக்ஸின் உடம்புக்கும் ஒரு பச்சை ஒயர் கொடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எர்த் வராத பழைய வீடுகளில் சாக்கெட்டின் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், டிவியின் உலோகப் பாகம் முழுவதும் ஃபேஸாக மாறி நிற்கும். குழந்தை கை வைக்கும் இடம் அது.

சோதனை

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டுக்கு அருகில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட் வர வேண்டும். கீழே சுவிட்சை அணைத்தால் ஃபேஸ் போய்விட வேண்டும். சாக்கெட்டில் டெஸ்டர் இன்னும் எரிந்தால், சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது என்று அர்த்தம். திரும்பத் திறந்து மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், டிவிக்குக் கொடுத்த பணத்தோடு சேர்த்து இதையும் வாங்கிவிடுங்கள்.

மாட்டுவதும், இடி மழையும்

பிராக்கெட் ஓட்டைகளைப் பைப் ஓடும் கோட்டில் இருந்து ஒரு சாணாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். எடுத்து வைத்த போட்டோவைக் காட்டுங்கள். டிவியைத் தூக்கி மாட்டுவதற்கு முன்பே பிளக்கைச் செருகி, ஒயரின் மிச்சத்தைத் தளர்வாகச் சுருட்டிப் பட்டை போட்டுக் கட்டிவிட வேண்டும்.

இடி இடித்தால் "டிவி பிளக்கைப் பிடுங்கு" என்று நம் வீடுகளில் குரல் எழும். அந்த வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் பின்னால் மறைந்த பிளக்கை யாரும் பிடுங்க முடியாது. சுவிட்சை அணைப்பது அதற்கு ஈடாகாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மி.மீ. இடைவெளியை மின்னல் அழுத்தம் தாண்டிவிடும், நியூட்ரலும் இணைந்தபடியேதான் இருக்கும். இதற்கு மீட்டர் பக்கத்து டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஒரு எஸ்பிடி, அதாவது மின்னல் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, அதற்கு நல்ல எர்த், இரண்டும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையிலும் சித்திரை வைகாசி கோடை இடியிலும், கீழே ஸ்டாண்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடியில் இருந்து வரும் அந்தக் கேபிள் வழியாகத்தான் பல டிவிகளின் எச்டிஎம்ஐ போர்டு போயிருக்கிறது.

முதல் நாள் டிவியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, கீழ்ப் போர்டின் புதிய சுவிட்ச் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. சூடு தெரிந்தாலோ, சுவிட்சைப் போடும்போது சடசடவென்று சத்தம் கேட்டாலோ, உள்ளே ஏதோ ஒரு திருகு இறுகவில்லை. மறுபடி மெயினையும் இன்வர்ட்டரையும் நிறுத்திவிட்டு, இணைத்துக் கொடுத்த ஒயர்மேனை அன்றைக்கே கூப்பிடுங்கள்.